16,00,984: ஒரு பேரெண்ணின் வரலாறு

ஆண்டுதோறும் கார்த்திகைத் திங்களில், கார்த்திகை நாண்மீன் கூடிய நாளின் மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் முடியில் தீபம் ஏற்றப்படுகிறது. அந்த ஒரு நொடிக்காக இலட்சக்கணக்கானோர் மலையை நோக்கிக் கைகூப்பி நிற்கின்றனர். திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இக்காட்சி புதிதன்று. நம் வட்டத்தின் கவிஞர்கள் இதைப் பலமுறை பாடியும் இருக்கின்றனர். ஆயினும் ஒரு வினாவை நாம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தீபத்துக்குரிய நாள் இன்னது, கிரிவலத்துக்குரிய முழுநிலவு இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்கு முடிகிறது என்று ஓராண்டுக்கு முன்பே பஞ்சாங்கத்தில் அச்சிட்டுத் தருகிறார்களே, அவர்கள் அதனை எங்கிருந்து அறிந்தனர்?

தமிழகத்துக் கோயில்களுள் பெரும்பாலானவை கைக்கொள்ளும் வாக்கியப் பஞ்சாங்க மரபில், இவ்வினாவுக்கான விடை ஓர் எண்ணில் தொடங்குகிறது. அவ்வெண் 16,00,984. பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு. கவிதையில் இடம்பெறத்தக்க அழகு ஏதும் இல்லாத எண்தான். ஆனால் ஏழரை நூற்றாண்டாகத் தமிழர் நாவில் இருந்து வருவது. அதன் வரலாற்றை இம்மலரில் பதிவு செய்வது பொருத்தமாகும் எனக் கருதுகிறேன்.

பெயருடைய எண்ணும் தொழிலுடைய எண்ணும்

பேரெண்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. ஐ, அம், பல் என்னும் ஈறுகளை உடைய எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் புணர்ச்சி விதி கூறுகிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பன அவை என்று உரையாசிரியர்கள் விளக்குவர். பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் பேரெண்களால் ஊழிக்காலங்களைச் சுட்டுகிறார். எண்ணில் அடங்காத காலத்தைச் சொல்ல நீர்ப்பூக்களின் பெயரைத் தேர்ந்தது தமிழ் உள்ளத்தின் தனி அழகு. குளம் நிறையப் பூத்த ஆம்பலை எண்ண முற்பட்டுத் தோற்றவனே அப்பெயரைப் பேரெண்ணுக்கு இட்டிருக்க வேண்டும் என்று வகுப்பில் நான் மாணவரிடம் சொல்வதுண்டு.

ஆனால் இவ்வெண்கள் வியப்பைக் குறிக்க வந்தவை. ஆம்பலை யாரும் எதனாலும் வகுத்துப் பார்த்ததில்லை. நான் எடுத்துக்கொண்ட எண் அத்தகையதன்று. அது கழிக்கப்படுவதற்கும், மீதம் வகுக்கப்படுவதற்கும் உருவான எண். பேரெண்ணைப் பாடியவரை நாம் அறிவோம். பேரெண்ணை வேலை வாங்கியவரை நாம் அறிந்துகொள்ளவில்லை. இலக்கிய வரலாறு எழுதும் நம்மிடம் உள்ள குறை இது.

நிலவின் நடை

நிலவு வானில் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமிக்கு அண்மையில் வரும்போது விரைந்தும், சேய்மையில் செல்லும்போது தளர்ந்தும் நடக்கிறது. மிகச் சேய்மையான இடத்தைப் பழைய கணியர் உச்சம் என்றனர். ஓர் உச்சத்திலிருந்து மறு உச்சம் வரை நிலவு செல்ல ஆகும் காலம் ஏறத்தாழ 27.5546 நாள். இது முழு எண்ணாக இருந்திருந்தால் கணியரின் துன்பம் பாதி குறைந்திருக்கும். இருபத்தேழுமன்று, இருபத்தெட்டுமன்று. இரண்டுக்கும் நடுவே பாதியைக் கடந்த ஒரு பின்னம்.

பின்னத்தை வெல்ல முன்னோர் கண்ட வழி எளிது. எத்தனை சுற்றுகள் சேர்ந்தால் நாள் கணக்கு முழு எண்ணுக்கு நெருங்கி வரும் என்று தேடினர். ஒன்பது சுற்றுக்கு 248 நாள் ஆகிறது. உண்மையான அளவைக் காட்டிலும் இது 13 நிமிடம் கூடுதல். 110 சுற்றுக்கு 3,031 நாள். இங்கே குறைவது ஒரு நிமிடத்துக்கும் உட்பட்டது. இவ்விரண்டிலிருந்து மூன்றாவது எண் பிறக்கிறது. 3,031ஐ நான்கு மடங்காக்கி 248ஐக் கூட்டினால் 12,372. அந்த நாள்களில் நிலவு 449 சுற்றுகளை முடிக்கிறது. இதில் 10 நிமிட அளவு கூடுதல் நேர்கிறது. 12,372 நாள் என்பது ஏறத்தாழ 34 ஆண்டு. முப்பத்து நான்கு ஆண்டுகளில் பத்து நிமிடம் பிசகும் கடிகாரம் இன்று நம் வீடுகளில் எத்தனை உண்டு?

248, 3,031 ஆகிய எண்கள் தமிழகத்தில் மட்டும் தோன்றியவை அல்ல. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பஞ்சசித்தாந்திகையில் அவை உள்ளன. பாபிலோனியக் களிமண் பலகைகளில் 248 நாள் சுற்று காணப்படுகிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் 248உம் 3,031உம் சேர்ந்தே வருகின்றன. இவ்வுறவினைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நியூகெபௌர். 1952ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே 'தமிழ் வானியல்' என்பது. பாபிலோனில் மண்ணில் புதைந்தும், எகிப்தில் மணலில் மறைந்தும் போன கணக்குமுறை, தமிழகத்தில் உயிரோடு வழங்கி வந்தது என்பதே அறிஞர் உலகை வியக்கவைத்த செய்தி. எல்லாம் நம்மிடமே தோன்றின என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காத்து வளர்த்தவர் நாம் என்பது அதனினும் குறைந்த பெருமையன்று.

சொல்லில் ஒளிந்த எண்

இவ்வெண்களை நினைவில் நிறுத்தக் கையாண்ட முறையே கவிஞர்களாகிய உங்களுக்கு மிகவும் உவப்பளிக்கும். அதற்குக் கடபயாதி என்று பெயர். வடமொழி நெடுங்கணக்கில் க முதல் ஒன்பது எழுத்துக்கும், ட முதல் ஒன்பது எழுத்துக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை எண் மதிப்பு உண்டு. ப முதல் ஐந்தெழுத்துக்கு ஒன்று முதல் ஐந்து. ய முதல் வரும் எழுத்துக்கு மீண்டும் ஒன்று முதல். ஞகர நகரங்களும் தனி உயிரும் சுழியம். சொல்லின் எழுத்துகளை எண்ணாக்கி வலமிருந்து இடமாகத் திருப்பிப் படிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் ஒரே ககரம் நான்கு ஒலிகளுக்கு நிற்பதால், கிரந்த எழுத்தறிவு இருந்தால்தான் கணக்குப் பிசகாது.

இசை அறிந்தோர் இம்முறையை அறிந்தோ அறியாமலோ நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். 72 மேளகர்த்தா இராகங்களுள் சங்கராபரணத்துக்கு முன்னே 'தீர' என்னும் அடை ஏன் வந்தது? தீ ஒன்பது, ர இரண்டு. திருப்பினால் 29. கல்யாணிக்கு முன்னே வரும் 'மேச' என்பது 65. அவை மேளங்களின் வரிசை எண்கள்.

நிலவுக் கணக்கிலும் இதுவே நிகழ்கிறது. 248க்கு உரிய சொல் 'தேவர'. தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. 3,031க்கு 'காலாநில'. கா ஒன்று, லா மூன்று, நி சுழியம், ல மூன்று. 12,372க்கு 'ரசகரிக'. ர இரண்டு, ச ஏழு, க மூன்று, ரி இரண்டு, க ஒன்று. 16,00,984ஐ 'வேதம்' என்றே குறுக்கி வழங்கினர். வே நான்கு, த எட்டு. திருப்பினால் 84. நம் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் அவை. தமிழர் வாயில் இச்சொற்கள் வேதம், ரசகெரிகை, காலாநிலம், தேவாரம் என்று ஒலித்தன. தேவாரம் பெற்ற நம் தலத்தில் நின்றுகொண்டு, 'தேவாரம்' என்றால் 248 என்று ஒரு கணியர் சொல்லக் கேட்டால் நாம் திகைத்துப்போவோம். இது பொருளால் வந்த ஒற்றுமையன்று. அயற்சொல்லைத் தனக்குப் பழகிய ஓசையில் ஏற்றுக்கொள்வது நாவின் இயல்பு.

248 நாள் சுற்றில் ஒவ்வொரு நாளும் நிலவு எத்தனை பாகை கடந்திருக்கும் என்பதை ஒவ்வொரு சிறு தொடராக அமைத்தனர். அத்தொடர்களே வாக்கியங்கள். மரபு அவற்றை வரருசி என்பவர் பெயரால் வழங்குகிறது. முதல் வாக்கியத்தைத் திருப்பிப் படித்தால் 12 பாகை 3 கலை என்று வரும். உச்சத்தைக் கடந்த முதல் நாளில் தளர்நடை நிலவு செல்லும் தொலைவு அது. பின்னர் 14ஆம் நூற்றாண்டில் கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவர் இவ்வாக்கியங்களை இன்னும் நுட்பமாக்கினார். அவருடைய முதல் வாக்கியம் 12 பாகை 2 கலை 35 விகலை என்று விகலை வரை செல்கிறது.

ஒரு சொல் தானாகவும் பொருள் தர வேண்டும். அதன் எழுத்துகளோ வானில் நிலவின் இடத்தைக் காட்ட வேண்டும். யாப்பின் கட்டுப்பாட்டை நாம் பெரிதாகப் பேசுகிறோம். எதுகை பிழைத்தால் செவி பொறுத்துக்கொள்ளும். இங்கே ஓர் எழுத்துப் பிழைத்தால் கிரகணம் பிழைத்துவிடும். மேல்புத்தூர் நாராயண பட்டத்திரி 1586இல் நாராயணீயத்தை முடித்தபோது, அதன் இறுதித் தொடரையே 17,12,210 என்னும் கலிநாள் எண்ணாக அமைத்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. நூல் முடிந்த நாளை நூலின் வாழ்த்துக்குள்ளேயே அவர் பொதிந்துவைத்தார்.

1282, மே 22

இனி நம் எண்ணுக்கு வருவோம். 16,00,984 என்பது என்ன? கலியுகம் தொடங்கியதாகக் கொள்ளப்படும் கி.மு. 3102, பிப்ரவரி 18ஆம் நாளிலிருந்து கழிந்த நாள்களின் தொகை. அத்தனை நாள் சென்ற பின் வரும் நாள், பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி கி.பி. 1282, மே 22. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. பின்னாளில் திருவண்ணாமலையைத் தன் தலைநகருள் ஒன்றாகக் கொண்டு, இங்குள்ள கோபுரம் ஒன்றில் தன் பெயர் நிலைக்கச் செய்த போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் அரியணை ஏற இன்னும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இருந்தன.

அந்த நாளை ஏன் தேர்ந்தெடுத்தனர்? அன்று ஞாயிறு எழும் வேளையில் நிலவு உச்சத்தில் நின்றது என்பது கணக்கு. உச்சத்திலிருந்து எண்ணத் தொடங்கினால்தான் 248 வாக்கியங்களும் வரிசையாகப் பொருந்தும். கலியின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் வகுத்தல் நீளும், பிழையும் பெருகும். ஆகவே கடந்த காலம் முழுவதையும் ஒரே எண்ணில் கட்டி ஒரு புறம் வைத்துவிட்டு, அண்மைக் காலத்தை மட்டும் கணக்கிட்டனர். இந்த எண்ணைக் கொண்டு கணக்கு நடத்தும் நூலுக்கு வாக்கிய கரணம் என்று பெயர். அதன் ஆசிரியர் தமிழ்நாட்டவர். தம் பெயரை அவர் விட்டுச்செல்லவில்லை. திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த சுந்தரராசர் அதற்கு உரை வகுத்தார். டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் நூலையும் உரையையும் பதிப்பிக்க, 1962இல் சென்னையில் வெளிவந்தது.

இவ்வெண்ணின் உட்கூறுகளைப் பிரித்துப் பார்த்தேன். எட்டு, ஏழு, பதினொன்று, இருபத்து மூன்று, நூற்றுப் பதின்மூன்று ஆகிய ஐந்தையும் பெருக்கினால் 16,00,984 கிடைக்கிறது. ஏழால் மீதமின்றி வகுபடுவதால் அது 2,28,712 முழுக் கிழமைகள் ஆகிறது. கலியின் முதல் நாள் வெள்ளிக்கிழமை என்பது மரபு. எனவே 1282ஆம் ஆண்டின் அந்த நாளும் வெள்ளிக்கிழமையே. நாட்காட்டியைக் கொண்டு சரிபார்த்தாலும் அவ்வாறே வருகிறது. 3,031உம் ஏழால் வகுபடும். அது 433 கிழமை. இவற்றை வேண்டுமென்றே அமைத்தனர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் ஏழால் வகுத்துப் பார்ப்பது கணியருக்கு நல்ல சோதனை. கலிநாள் தொகையில் ஒரு நாள் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

புதுச்சேரியில் நிகழ்ந்த இரு சந்திப்புகள்

இம்மரபை ஐரோப்பியர் அறிந்தது புதுச்சேரியில். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்தீல், 1769, ஜூன் மாதத்தில் வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் காட்சியைக் காண அங்கே காத்திருந்தார். அந்த நாளில் மேகம் மூடிவிட்டது. நெடும்பயணம் வீணான அவருக்கு வேறொரு செல்வம் கிடைத்தது. தமிழரின் கணக்குமுறையைக் கற்றுக்கொண்டார். 1765, ஆகஸ்டு 30ஆம் நாள் நேர்ந்த நிலவுக் கிரகணம் நீடித்த கால அளவைத் தமிழர் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. அக்காலத்து ஐரோப்பாவின் புகழ்பெற்ற டோபியாஸ் மேயர் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது. லெ ஜென்தீல் இதனைப் பதிவு செய்தார்.

இரண்டாவது சந்திப்பு ஜான் வாரன் என்பவருடையது. சென்னை வான்நோக்ககத்தில் பணியாற்றிய அவர், 1825இல் 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை வாரன் அழைத்து, 1825, மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவின் நிலவுக் கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பினார். ஏடு ஏதும் பார்க்கவில்லை. மனத்திலிருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளைக் கூட்டியும் குறைத்தும் விடையைச் சொன்னார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே பிழை இருந்தது.

வாரன் அவர் பெயரை ஆங்கில எழுத்தில் பொறித்துள்ளார். 'சாமி நாடன் சாசியா' என்றுதான் அதைப் படிக்க முடிகிறது. சாமிநாதன் சேஷய்யா என்று கொள்வது பொருந்தும். பெயர் சிதைந்தாலும் மறையாமல் நின்றதற்கு வாரனுக்கு நாம் நன்றி கூற வேண்டும். ஆனால் அவருடைய மதிப்பீட்டை அப்படியே ஏற்க எனக்கு மனம் இடந்தரவில்லை. வானியல் கோட்பாடு எதுவும் அறியாதவர், நினைவாற்றல் மட்டுமே உடையவர் என்று வாரன் அவரைக் கருதினார். அத்தகையவரையே வேண்டித் தேர்ந்ததாகவும் குறிப்பிடுகிறார்.

நம் கல்வி மரபின் மேல் இன்றும் சாற்றப்படும் குற்றம் இது. 'நெட்டுரு' என்னும் ஒரு சொல்லால் நாம் எவ்வளவோ இழந்திருக்கிறோம். சேஷய்யா கோட்பாட்டை விளக்கத் தெரியாதவராகவே இருக்கட்டும். எந்த எண்ணை எதிலிருந்து கழிப்பது, மீதத்தை எந்த எண்ணால் வகுப்பது, எங்கே நிறுத்துவது என்பவை அவருக்குத் தெரிந்திருந்தன. கோட்பாடு அந்த எண்களுக்குள்ளேயே இருந்தது. ஓலையில் ஏறாத நாட்டுப்புறப் பாடலைப் பாடும் மூதாட்டிக்கு யாப்பிலக்கணம் தெரியாது என்பதால் அவள் பாடலில் யாப்பு இல்லை என்று நாம் சொல்வதில்லை. கணக்குக்கு மட்டும் வேறு நீதி ஏன்?

தீபநாளை எண்ணிப் பார்த்தல்

கேட்டதை நம்புவதினும் செய்து பார்ப்பது மேல் என்று எண்ணி, சோழிக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதில் நானும் அமர்ந்தேன். 2024ஆம் ஆண்டு மகாதீபம் டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. அந்நாளுக்குரிய கலிநாள் தொகை 18,72,192. ஏழால் வகுத்தேன். மீதமில்லை. வெள்ளிக்கிழமை சரி.

அதில் 16,00,984ஐக் கழித்தேன். 2,71,208 நின்றது. 12,372ஆல் வகுத்தேன். 21 முறை சென்று 11,396 மீதம். அதனை 3,031ஆல் வகுத்தேன். மூன்று முறை சென்று 2,303 மீதம். அதனை 248ஆல் வகுத்தேன். ஒன்பது முறை சென்று 71 மீதம். பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நாள்கள் கரைந்து 71 என்னும் சிறு எண் கையில் நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அன்றைக்கு உரியது 71ஆம் வாக்கியம்.

ஒவ்வொரு பேரெண்ணுக்கும் நிலவு அத்தனை நாளில் முழுச்சுற்றுப் போக நகர்ந்து நிற்கும் பாகை ஒன்று உண்டு. அதற்குத் துருவம் என்று பெயர். 16,00,984க்கு 212 பாகை 0 கலை 7 விகலை. 12,372க்கு 297 பாகை 48 கலை 10 விகலை. 3,031க்கு 337 பாகை 31 கலை 1 விகலை. 248க்கு 27 பாகை 44 கலை 6 விகலை. முதலாவதை ஒருமுறையும், மற்றவற்றை முறையே 21, 3, 9 மடங்காகவும் எடுத்துக் கூட்டி, முழு வட்டங்களை நீக்கினால் 168 பாகை வருகிறது. 71ஆம் நாளுக்குரிய நிலவின் நகர்ச்சி ஏறத்தாழ 218 பாகை. இரண்டையும் கூட்டி 360 நீக்க, 26 பாகை. சிறு திருத்தங்களை விட்டுவிட்டால், அன்று காலை ஞாயிறு எழும்போது நிலவு நின்ற இடம் அது.

கார்த்திகை நாண்மீனின் எல்லை 26 பாகை 40 கலையில் தொடங்குகிறது. இன்னும் 40 கலைதான். விரைந்து செல்லும் நிலவுக்கு ஒரு மணி நேர நடை. ஆக அன்று காலையிலேயே நிலவு கார்த்திகையில் புகுந்து, மாலையில் மலைமேல் சுடர் எழுந்தபோது அதற்குள் நின்றது. 1282இல் கட்டிவைத்த ஓர் எண், 742 ஆண்டுகள் கழித்து நம் மலையின் மேல் தீபத்தைச் சரியான நாளில் ஏற்றிக் காட்டுகிறது.

பிழையின் வரலாறு

இவ்விடத்தில் கட்டுரையை முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் உண்மை முழுதாகாது.

71 என்னும் மீதம், நிலவு அண்மைப்புள்ளியைக் கடந்து இரண்டு நாளுக்குச் சற்று மேல் ஆயிற்று என்று காட்டுகிறது. இக்கால வானியலின் சராசரிக் கணக்கும் அதையே சொல்கிறது. ஆனால் நான்கைந்து மணி நேரம் கூடுதலாகச் சொல்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? முன்னே சொன்ன 10 நிமிடமும் 13 நிமிடமும்தான். 21 முறையும் 9 முறையும் அவை சேர்ந்து மணிக்கணக்காகிவிட்டன. இதனால் நிலவின் இடத்தில் நேரும் பிழை கால் பாகைக்கும் குறைவே. எனினும் காலம் செல்லச் செல்ல இது வளரும்.

இதனினும் பெரிய வேறுபாடு மற்றொன்று. ஞாயிற்றின் ஈர்ப்பால் நிலவின் நடையில் இரண்டாவது ஒரு மாறுபாடு உண்டு. வாக்கியங்களில் அதற்கு இடமில்லை. பழைய கணியர் தம் அளவுகளைக் கிரகணங்களோடு ஒப்பிட்டுத் திருத்தியவர்கள். கிரகணம் நேர்வது முழுநிலவிலும் மறைநிலவிலும் மட்டுமே. ஆகவே அவ்விரு நாள்களில் அவர்கள் கணக்கு வானோடு நெருங்கி நிற்கிறது. எட்டாம் பிறையை ஒட்டியோ இரண்டரைப் பாகை வரை விலகுகிறது. திதிக் கணக்கில் அது ஐந்து மணி நேரம். கோள்களின் கணக்கிலோ வேறுபாடு இன்னும் பெரிது. திருக்கணிதப்படி 2023, ஜனவரி 17இல் நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20இல் திருநள்ளாற்றில் கொண்டாடப்பட்டது. பதினொரு மாத இடைவெளி!

பழமையைப் போற்றுவோர் வாக்கியமே முனிவர் வாக்கு என்பர். புதுமையை விரும்புவோர் அதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவர். இருவரும் வரலாற்றை மறந்துவிட்டனர் என்றே நான் நினைக்கிறேன். வாக்கிய மரபு எந்நாளும் திருத்திக்கொண்டே வந்த மரபு. 248இன் பிழையை 3,031 திருத்தியது. பழைய வாக்கியங்களை மாதவர் திருத்தினார். அவர் வழிவந்த பரமேசுவரர் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, 1431இல் திருக்கணிதம் என்னும் முறையை வகுத்தார். 'திருக்' என்பது இங்கே தமிழ்த் 'திரு' அன்று. பார்வை என்னும் பொருளுடைய வடசொல். பார்த்துக் கணிப்பது திருக்கணிதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வான்நோக்ககத்தின் முதல் துணையாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். அவர் பஞ்சாங்கத்தைக் கண்ணால் கண்டதோடு பொருத்தித் திருத்த வேண்டும் என்று வாதாடி, அவ்வாறே கணித்தும் வெளியிட்டார்.

16,00,984 என்னும் எண்ணே ஒரு திருத்தத்தின் சின்னம். கலியின் தொடக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த கணக்கை, தம் காலத்துக்கு அருகே இழுத்துவந்து நிறுத்திய துணிவு அதில் உள்ளது. 1282இல் ஒருவர் காட்டிய அத்துணிவைப் பின்வந்தோர் காட்டவில்லை. எண்ணை மனப்பாடம் செய்தனர். அதை ஆக்கியவரின் செயலை மனங்கொள்ளவில்லை.

இது கணியருக்கு மட்டும் உரிய செய்தியா? முதன்முதலில் ஒருவர் பெண்ணின் முகத்தை நிலவென்றபோது அவர் நிலவைப் பார்த்திருந்தார். பிறகு வந்தவருள் பலர் முன்னோர் செய்யுளைப் பார்த்தனரே தவிர வானைப் பார்க்கவில்லை. மரபு என்பது நினைவும் பார்வையும் சேர்ந்தது. நினைவு இல்லையேல் சேஷய்யாவின் கையில் வெறும் சோழிகளே மிஞ்சியிருக்கும். பார்வை நின்றுபோனால், சரியான எண்ணும் ஆண்டுக்குச் சில நொடிகளாக வானைவிட்டு விலகிக்கொண்டே போகும். விலகுவது ஓதுகிறவர் செவிக்குக் கேட்பதில்லை.

நம் வட்டத்துக்குப் பத்து வயது நிறைந்துவிட்டது. நாள் கணக்கில் சொன்னால் 3,650க்குச் சற்று மேல். ஒரு காலாநிலம், இரண்டு தேவாரம், மீதம் ஏறத்தாழ 125. அடுத்த முழுநிலவன்று மலையைச் சுற்றும்போது, பஞ்சாங்கத்தில் அச்சிட்ட நேரத்தையும் பார்ப்போம். அண்ணாந்து நிலவையும் பார்ப்போம். பெயர் சொல்லாமல் போன அந்த 1282ஆம் ஆண்டுக் கணியருக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.